அம்மாயி பொறந்த வருஷம் எது? நினைவு அட்டையில "தோற்றம்" போடணும், சேலத்துக்காரங்க கொஞ்சம் உதவுங்க

ஊடைநூல் (இழையைத் தொடங்கியவர்)

எல்லாருக்கும் வணக்கம். எங்க அம்மாயி 2025 ஆவணியில தவறிட்டாங்க. வர்ற ஆவணியில முதல் வருஷத் திதி. அன்னைக்கு வர்றவங்க கையில குடுக்க ஒரு சின்ன நினைவு அட்டை அடிக்கலாம்னு பேரப்புள்ளைங்க பதினோரு பேரும் பேசி முடிவு பண்ணோம். ஒரு பக்கம் போட்டோ, மறுபக்கம் நாலு வரி. போட்டோவுக்குக் கீழ "தோற்றம்", "மறைவு"ன்னு ரெண்டு கட்டம். மறைவு தெரியும். தோற்றத்துலதான் ஒரு மாசமா நிக்குது.

ஆதார்ல 01-01-1931. அந்தக் கணக்குல 94 வயசு. ஆனா அது நிசத் தேதி இல்லன்னு வீட்ல எல்லாருக்கும் தெரியும். 1996-ல தாத்தா போனதும் முதியோர் உதவித்தொகைக்கு எழுதிப் போட்டாங்க. 65 முடிஞ்சிருக்கணும்னு சொன்னதும், மனு எழுதிக் குடுத்தவரு அம்மாயி மூஞ்சியை ஒரு தரம் பாத்துட்டு "65"ன்னு எழுதிட்டாராம். அதுல இருந்து வாக்காளர் அட்டை, அதுல இருந்து ஆதார். பெரிய மாமா "1934, மேட்டூர் டேம் தொறந்த வருஷம்"ங்கறாரு. சின்ன மாமா, "அம்மா எப்பவும் தாது வருஷம்னு சொல்லும். அது பஞ்சம் வந்த வருஷம், எங்க பாட்டியே அப்பப் பொறக்கல"ன்னு சிரிக்கறாரு.

அம்மாயியைப் பத்தி ரெண்டு வார்த்தை. அம்மாபேட்டையில குழித்தறி வீடு. தாத்தா நெய்வாரு. தார் சுத்தறது (ஊடை நூலைக் குழல்ல சுத்தறது), பாவு பிணைக்கறது எல்லாம் அம்மாயி. பாவு பிணைக்கறதுன்னா, பழைய பாவு தீந்து புதுசு ஏத்தும்போது பழைய இழை நுனியையும் புது இழை நுனியையும் ஒண்ணொண்ணா எடுத்துச் சேத்து முறுக்கணும். ஆயிரக்கணக்குல இழை இருக்கும். பக்கத்துல ஒரு தகர டப்பாவுல அடுப்புச் சாம்பல். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் அதுல தொட்டுட்டு ஒரே சுத்து, இழை ஒட்டிக்கும். முடிச்சே இருக்காது. கண்ணு தெருவுல இருக்கும், வாய் யாரையாவது வஞ்சுட்டிருக்கும், விரல் மட்டும் ஓடிட்டே இருக்கும். அம்பது வருஷம் அப்படிப் பண்ணி அந்த ரெண்டு விரல் நுனியும் கூழாங்கல்லு மாதிரி வழவழன்னு ஆயிடுச்சு. ரேஷன் கடையில கைரேகை மெஷின் வந்தப்ப அம்மாயி கட்டைவிரல் அதுல விழவே இல்ல. மூணு தரம் தொடச்சு வெக்கச் சொல்லிப் பாத்துட்டு, "பாட்டி, உங்களுக்கு ரேகையே இல்லையே"ன்னாரு அந்தப் பையன். "நூலு தின்னுருச்சு சாமி"ன்னு சொல்லிட்டு வந்துச்சு.

இன்னொரு விஷயமும் இருக்கு, அதான் இங்க எழுதறேன். 94 போடலாம்னு மாமாக்கள் ரெண்டு பேருக்கும் சம்மதம், "பெருமையா இருக்கும்". வேண்டவே வேண்டாங்கறது எங்கம்மா மட்டும்தான். ஏன்னு கேட்டா பதில் இல்ல. அம்மாதான் கடைசிப் பொண்ணு, அம்மாயிகூட இருந்து பாத்துக்கிட்டதும் அம்மாதான். தவறின அன்னைக்கு எல்லாரும் கல்யாணச் சாவுன்னு வெடி வெச்சு, மேளம் வெச்சு, பேரன் பேத்தி எல்லாம் நெய்ப்பந்தம் புடிச்சு அனுப்பி வெச்சோம். அம்மா அழ ஆரம்பிச்சப்ப நாலு பொம்பளைங்க வந்து வாயப் பொத்தாத குறையா, "94 வயசு வாழ்ந்த மகராசி, அழுதா ஆகாது கண்ணு"ன்னு நிறுத்திட்டாங்க. அதுக்கப்புறம் அம்மா அழுது நான் பாக்கல.

சரி. வருஷத்தைக் கண்டுபிடிக்க வழி இருந்தா சொல்லுங்க.

குகைக்காரி

மனசு கனத்துப் போச்சு தங்கச்சி. எங்க ஆயாவுக்கும் இதே கதைதான். "குகை மாரியம்மனுக்கு வண்டி வேடிக்கை நடந்த அன்னைக்குப் பொறந்தேன்"னு சொல்லும். மாசம் ஆடின்னு தெரியும், வருஷம் தெரியாது. வண்டி வேடிக்கை வருஷா வருஷம் வருதே!

நாங்க எப்படிக் கண்டுபிடிச்சோம்னு சொல்றேன். அந்தக் காலத்துப் பொம்பளைங்களுக்கு பொறந்த வருஷம் தெரியாது, ஆனா நாலு விஷயம் மறக்காது: நடை பழகுனது (அவங்கம்மா சொல்லிச் சொல்லி), வயசுக்கு வந்தது, கல்யாணம், மொதப் புள்ளை. இந்த நாலு சமயத்துலயும் ஊர்ல என்ன நடந்துச்சுன்னு கேளுங்க. விலைவாசியைக் கேக்காதீங்க, தங்கம் பவுனு எவ்வளவுன்னு ஆளாளுக்கு ஒண்ணு சொல்லுவாங்க. ஊர்ச் சம்பவம் கேளுங்க. உங்கம்மாகிட்டத்தான் இருக்கும், மாமாக்களுக்குத் தெரியாது. ஆம்பளைப் புள்ளைங்க இதையெல்லாம் எங்க காதுல வாங்கறாங்க.

கணக்குப்புள்ளை

ஒரு எச்சரிக்கை. உண்மையான வருஷம் கிடைச்சாலும் அட்டையோட நிறுத்திக்கங்க. இறப்புச் சான்றிதழ், வங்கிக் கணக்கு, வாரிசுச் சான்று எல்லாமே ஆதார் தேதியை ஒட்டித்தான் இருக்கும். ஒண்ணுல திருத்தப் போய் மத்ததுல மாட்டிக்குவீங்க. காகிதத்துக்கு 1931, வீட்டுக்கு வேற. எங்க அப்பா பள்ளிக்கூடச் சான்றிதழ்ல ஒரு வயசு, ஜாதகத்துல ஒரு வயசு. ரெண்டு வயசோடயும் நல்லாத்தான் இருந்தாரு.

கொலுசுப்பட்டறை

நான் செவ்வாய்ப்பேட்டை. மனசுல பட்டதைச் சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. எங்க பாட்டி 92 வயசுல போச்சு. பட்டறைக்கு லீவு விட்டு, தெரு முழுக்கப் பூ தூவி, நாங்க ஆடிக்கிட்டேதான் போனோம். நாலு தலைமுறை பாத்து, படுக்கையில கெடக்காமப் போன உசுருக்கு அதுதான் மரியாதை. அழுது அனுப்பறது சின்ன வயசுல போனவங்களுக்கு. உங்க ஊர்ப் பொம்பளைங்க சொன்னதுல தப்பு ஒண்ணும் இல்ல. 94-ன்னே போடுங்க, நாலு பேர் பாத்துட்டு "நல்ல சாவு"ன்னு சொல்லட்டும்.

ஏற்காட்டு மிளகு

@கொலுசுப்பட்டறை, உங்க பாட்டியை ஆடிக்கிட்டே அனுப்புனீங்க, சரி. உங்க பாட்டியோட பொண்ணு அப்ப என்ன பண்ணிட்டிருந்தாங்கன்னு ஞாபகம் இருக்கா? பேரனுக்குக் கல்யாணச் சாவு. மகளுக்கு அம்மா செத்துப் போச்சு. ரெண்டும் ஒரே பந்தல்ல நடக்குது, அவ்வளவுதான்.

ஊடைநூல், எங்க பாட்டி காப்பித் தோட்டத்துல பழம் பறிச்சவங்க. "காப்பி பூத்தப்ப பொறந்தவ"ன்னு பேரே உண்டு. மலையில காப்பி எப்படின்னா, மாசி பங்குனியில ஒரு மழை விழும், அந்த மழை பட்டு ஒரு வாரம் பத்து நாள்ல மலையே வெள்ளையாப் பூத்துரும். மல்லிகை மாதிரி வாசம். மூணு நாலு நாள்ல கொட்டியும் போயிரும். அதனால பாட்டி பொறந்தது எந்த வாரம்னு கூடச் சொல்லிடலாம், எந்த வருஷம்னு மட்டும் சொல்ல முடியாது! தோட்டத்து செக்ரோல்ல (கூலியாளுங்க பேர்ப் பதிவேடு) வயசைக் கூட்டித்தான் எழுதியிருந்தாங்க. பெரியாளா பதிஞ்சாத்தான் முழுக் கூலி, புள்ளைன்னா கம்மி. உங்க அம்மாயிக்குப் பென்ஷனுக்காகக் கூடுச்சு, எங்க பாட்டிக்குக் கூலிக்காகக் கூடுச்சு. கஷ்டப்பட்ட பொம்பளைங்க வயசெல்லாம் காகிதத்துல ஏறித்தான் இருக்கும் போல.

ஊடைநூல்

குகைக்காரி அக்கா சொன்ன மாதிரி நேத்து ராத்திரி அம்மாகிட்ட உக்காந்தேன். மொதல்ல "போடி, வேலை கெடக்கு"ன்னுச்சு. அப்புறம் வெங்காயம் உரிச்சுக்கிட்டே சொல்ல ஆரம்பிச்சு பதினொரு மணி வரைக்கும் நிறுத்தல. கிடைச்சதை எழுதறேன்.

மொதப் புள்ளை: பெரிய மாமா. பள்ளிக்கூடச் சான்றிதழ்ல 1955. இது சரியாத்தான் இருக்கணும். ஏன்னா மாமா கைக்குழந்தையா இருக்கறப்ப அம்மாயியும் தாத்தாவும் "கலர் படம்" பாக்கப் போனாங்களாம். படம் ஓடறப்ப மாமா அழுது, அம்மாயி பாதிப் படம் வெளியில நின்னே ஓட்டிருச்சாம். "குகைக் கதவு தொறக்கறதைப் பாத்தேன், மூடறதைப் பாக்கல"ன்னு சாகற வரைக்கும் சொல்லும்.

வயசுக்கு வந்தது: இது கொஞ்சம் பயமான ஞாபகம். "ஜெயிலுக்குள்ள சுட்டுட்டாங்க, ஏகப்பட்ட பேர் செத்துட்டாங்கன்னு ஊரே கூடிக் கூடிப் பேசுது. நான் குச்சுக்குள்ள உக்காந்திருக்கேன், எனக்கு யாரும் எதையும் சொல்ல மாட்டேங்கறாங்க."

கல்யாணம்: சுதந்திரம் வந்தப்புறம். அவ்வளவுதான் அம்மாவுக்குத் தெரியுது.

நடை பழகுனதைப் பத்தி அம்மா யோசிச்சுச் சொல்றேன்னுச்சு.

நாலாவது மைல்

கலர் படம்னா அலிபாபாவும் 40 திருடர்களும். ஏற்காடு ரோட்டுல இருந்த நம்ம மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்தது, தமிழ்ல மொத முழுநீளக் கலர் படம், 1956 பொங்கலுக்கு வந்துச்சு. மாமாவோட 1955 அதுல சரியாப் பொருந்துது. ஸ்டூடியோ போயிருச்சு, அந்த வளைவு மட்டும் இன்னும் நிக்குது. பஸ்ல அந்தப் பக்கம் போறப்ப எல்லாம் எங்கப்பா தலையத் திருப்பிப் பாப்பாரு.

ஜெயில் விஷயம் 1950 பிப்ரவரி 11. சேலம் மத்திய சிறையில கம்யூனிஸ்ட் கைதிங்க மேல துப்பாக்கிச் சூடு, 22 பேர் செத்தாங்க. வருஷா வருஷம் இன்னும் அஞ்சலி நடக்குது.

ஆனா இதை வெச்சு என்ன சொல்ல முடியும்? 1931-ல பொறந்திருந்தா 1950-ல வயசு 19. அந்தக் காலமா இருந்தாலும் 19-ல வயசுக்கு வர்றது ரொம்பத் தள்ளி. 1931 அடிபட்டுப் போச்சு. மாமா சொல்ற 1934-ன்னா 15, 16. நடக்கக்கூடியதுதான். மேட்டூர் அணையைத் தொறந்தது 1934 ஆகஸ்ட். என் ஓட்டு 1934-க்கு. தாது வருஷம் எல்லாம் பஞ்சக் கதையைக் கேட்டு வளந்த குழப்பம். அந்தப் பஞ்சத்துல சேலம் ஜில்லா பட்ட பாடு கொஞ்சமா நஞ்சமா. அந்த வார்த்தை எல்லா வீட்டுலயும் ஒட்டிக்கிட்டு இருந்துச்சு.

பஞ்சாங்கப் பிரியன்

கொஞ்சம் பொறுங்க, கொஞ்சம் பொறுங்க. தாது வருஷத்தை இப்படிச் சிரிச்சுத் தள்ளாதீங்க.

தமிழ் வருஷம் அறுபதும் சுத்திச் சுத்தி வரும். தாது அதுல பத்தாவது. பஞ்சம் வந்த தாது 1876. அதோட 60-ஐக் கூட்டுங்க. 1936! அது 1936 சித்திரையில பொறந்து 1937 பங்குனியில முடிஞ்ச வருஷம். அந்த அம்மா பஞ்சத்தைச் சொல்லவே இல்ல, தான் பொறந்த வருஷத்தோட பேரைத்தான் சொல்லியிருக்காங்க. இன்னும் பாருங்க, முன்னாடி வந்த தாதுவுல ஜனங்க கொத்துக் கொத்தாச் செத்ததால அடுத்த தாது வர்றப்ப ஊரே பயந்துக்கிட்டுத்தான் இருந்திருக்கும். அந்த வருஷம் பொறந்த பொட்டப் புள்ளைக்கு அதைச் சொல்லிக் காட்டாம இருந்திருப்பாங்களா?

1936-ன்னா ஜெயில் சம்பவத்தப்ப 13 நடப்பு. மொதப் புள்ளை 18, 19-ல. மேட்டூரை விட இது எவ்வளவோ மேல். ஆங்கிலத் தேதி தெரியாதுங்கறதுக்காக அவங்களுக்குத் தேதியே தெரியாதுன்னு நெனச்சுடறோம். அவங்க கணக்கு வேற ஏட்டுல இருந்துச்சு, நாமதான் அந்த ஏட்டைப் படிக்கல.

நாலாவது மைல்

ஐயா கணக்கு அழகாத்தான் இருக்கு. ஆனா ஒரு சாட்சி பத்தாது. வேற ஏதாவது வேணும்.

ஊடைநூல்

சாட்சி கிடைச்சிருச்சு. கை நடுங்குது, எழுத்துப் பிழை இருந்தா மன்னிச்சுக்கங்க.

இன்னைக்குக் காலையில அம்மாகிட்ட பஞ்சாங்கப் பிரியன் ஐயா எழுதுனதைப் படிச்சுக் காட்டுனேன். "தாது வருஷத்துப் பொண்ணு, தரித்திரம் புடிச்ச பொண்ணு"ன்னு அம்மாயியோட அத்தை ஒருத்தங்க கரிச்சுக் கொட்டுவாங்களாம். அம்மாயியோட அம்மா அதுக்கு ஒரே பதில்தான் சொல்வாங்களாம். அம்மா சொன்னதை அப்படியே தர்றேன்: "எம்புள்ள தரித்திரம்னா, அவ தளிர்நடை போட்டு வாசப்படி தாண்டுன மாசம் எப்படிடீ கள்ளுக்கடைய மூடுனாங்க? அந்தத் தீவாளிக்குத்தான்டீ எம்புருஷன் மொத மொத எனக்குச் சீலை எடுத்தாரு."

பூட்டனாரு நெய்யற கூலி மொத்தத்தையும் கள்ளுக்கடையில விட்டுட்டு வர்றவராம். கடை மூடுன மாசம் கூலி அப்படியே வீட்டுக்கு வந்திருக்கு. அதனால அம்மாயியை "கள்ளுக்கடைய மூடுன மகராசி"ன்னு அவரே தூக்கிக் கொஞ்சுவாராம்!

நாலாவது மைல்

தோத்துட்டேன். ராஜாஜி சென்னை மாகாணத்துக்கு முதன்மை அமைச்சரா வந்ததும் மதுவிலக்கை மொத மொதல்ல சேலம் ஜில்லாவுலதான் கொண்டு வந்தாரு. 1937 அக்டோபர் 1. தீபாவளிக்கு ஒரு மாசம் முன்னாடி. அப்ப நடை பழகுன குழந்தை 1936 ஆனி, ஆடி, ஆவணிக்குள்ள பொறந்திருக்கணும். 1934-ன்னா அது மூணு வயசுப் புள்ளை, தெருவுல ஓடிட்டிருக்கும். மேட்டூரை வாபஸ் வாங்கறேன்.

குகைக்காரி

ஐயோ, அந்தச் சீலை வரியைப் படிச்சதும் எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு. சரி, மாசம் என்ன தங்கச்சி? ஏதாவது நோம்பி, திருவிழா சொல்லியிருப்பாங்களே?

ஊடைநூல்

அக்கா, அதை நெனச்சாத்தான் எனக்கு வெக்கமா இருக்கு.

ஆடி ஒண்ணாந்தேதி எங்க ஊர்ல தேங்கா சுடுவோம், உங்களுக்கெல்லாம் தெரியும். அம்மாயி அதுல ரொம்பக் கறார். தேங்காயை நார் இல்லாம உரிச்சு, தரையில தேச்சுத் தேச்சு வழவழன்னு ஆக்கணும். ஒரு கண்ணைத் தொறந்து, பாதித் தண்ணியை எடுத்துட்டு, அவல், பொட்டுக்கடலை, எள்ளு, வெல்லம், ஏலக்கா எல்லாம் போட்டு, எடுத்த தண்ணியைத் திருப்பி ஊத்தி, அழிஞ்சிக் குச்சியைச் சீவிச் சொருகி, மஞ்சத் தடவிச் சுடணும். ஓடு வெடிக்கிற சத்தம் கேட்டு, நல்லாக் கருகுனாத்தான் எடுக்க விடும். புள்ளையாருக்கு வெச்சுட்டு, ஒடச்ச மொதத் துண்டை அதுவே வாயில போட்டுக்கிட்டுச் சொல்லும்: "எம் பொறந்தநாளுக்கு ஊரே தேங்கா சுடுது பாரு."

நாங்க சிரிப்போம். நானும்தான் சிரிச்சேன். ஆதார்ல ஜனவரி 1 இருக்கே, கிழவி அளந்து விடுதுன்னு. அம்மாகிட்டக் கேட்டேன், "அது நெசமாடி, தேங்கா சுட்டுட்டு இருக்கறப்பத்தான் வலி எடுத்துச்சாம்"ன்னு சாதாரணமாச் சொல்லுது. ஏம்மா இத்தனை வருஷம் சொல்லலன்னா, "அதான் அம்மாவே வருஷா வருஷம் சொல்லுச்சே"ங்குது.

பஞ்சாங்கப் பிரியன்

தாது வருஷம் ஆடி 1. ஆங்கிலக் கணக்குல 1936 ஜூலை 16 வாக்கில வரும். அப்ப 2025 ஆவணியில 89 முடிஞ்சு ஒரு மாசம் சொச்சம். தோழியரே, அட்டையில தமிழ்த் தேதியே போடுங்க, ஆங்கிலம் வேண்டாம்.

கொலுசுப்பட்டறை

89-உம் நல்ல வயசுதாங்க. நான் சொன்னதுல எனக்கு மாற்றம் இல்ல, கல்யாணச் சாவு கல்யாணச் சாவுதான்.

ஆனா ஏற்காட்டுக்காரர் கேட்ட கேள்வி ரெண்டு நாளா உறுத்திக்கிட்டே இருந்துச்சு. எங்கம்மாகிட்டக் கேட்டேன். நாங்க ஆடிட்டுப் போனப்ப எங்கம்மா பட்டறையில, மெருகு போடற மூலையில உக்காந்திருந்துச்சாம். அங்க வேலை நடந்தாச் சத்தம் வெளிய கேக்காது. அன்னைக்கு நாந்தான் பட்டறைக்கு லீவு விட்டிருந்தேனே. அம்மா அதுக்கு மேல சொல்லல, நானும் கேக்கல.

ஏற்காட்டு மிளகு

@கொலுசுப்பட்டறை 🙏

@ஊடைநூல், உங்கம்மா ஏன் 94 வேண்டாம்னாங்கன்னு சொன்னாங்களா? சும்மா கேக்கறேன். சொல்ல வேண்டாம்னா விட்டுடுங்க.

ஊடைநூல்

சொல்லுச்சு. "அந்த 94-ஐச் சொல்லித்தான என்னை அழ விடாமப் பண்ணாங்க. அது எங்கம்மா வயசே இல்ல. யாரோ பென்ஷனுக்கு எழுதுனது." இவ்வளவுதான். சொல்லிட்டு வெங்காயத் தட்டை எடுத்துட்டு உள்ள போயிருச்சு. சமையக்கட்டுல தண்ணிக் குழாய் ரொம்ப நேரம் ஓடிட்டிருந்துச்சு. நான் உள்ள போகல.

அட்டை விஷயம்: மாமாக்கள் ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டாங்க. சின்ன மாமா "தாது வருஷம்னு நாந்தான மொதல்ல சொன்னேன்"னு இப்பப் பெருமை பேசிட்டுத் திரியறாரு. அச்சகத்துல ஒரு கூத்து. தோற்றம்னு இருக்கற கட்டத்துல தேதி, மாசம், வருஷம் எண்ணுலதான் வரும், எல்லாருக்கும் அப்படித்தான் போடுவோம்னாரு. ஒரு மணி நேரம் பேசி, கட்டத்தையே எடுத்துட்டு "தாது வருஷம், ஆடி 1, தேங்காய் சுட்ட மாலை"ன்னு ஒரே வரியாப் போடச் சொல்லியாச்சு. "மாலை"யை அம்மா சேக்கச் சொல்லுச்சு. வயசு எங்கயும் போடல.

குகைக்காரி

அந்தச் சாம்பல் டப்பா இன்னும் இருக்கா தங்கச்சி? எங்க தெருவுல பாவு பிணைக்கத் தெரிஞ்சவங்க இப்ப ரெண்டே பேர்தான். பாத்தே பல வருஷம் ஆச்சு.

ஊடைநூல்

இருக்கு அக்கா, தறிக்குழி மேல பலகை போட்டு மூடி அதுக்கு மேல பீரோ வெச்சிருக்கோம். டப்பா பீரோ உச்சியில இருந்துச்சு. தறியை வித்து பதினஞ்சு வருஷம் ஆச்சு, சாம்பல் மட்டும் கெட்டியாக் கெடக்குது. அம்மா அதை நகத்துல சுரண்டி எடுத்து, பழைய நூல் ரெண்டு இழை குடுத்து "இப்படிப் புடி"ன்னு காட்டுச்சு. நாலு தரம் முறுக்குனேன், நாலு தரமும் அவுந்துருச்சு. "சாம்பல் ஜாஸ்தி, உங்க அம்மாயி பாத்தா மண்டையில கொட்டும்"னு சொல்லி அம்மா என் விரலைத் தன் முந்தானையில தொடச்சு விட்டுச்சு.

அஞ்சாவது நின்னுச்சு. போட்டோ எடுத்தேன், குண்டு பல்பு வெளிச்சத்துல இழை தெரிய மாட்டேங்குது. நாளைக்குப் பகல்ல எடுத்துப் போடறேன்.